காயப்பட்ட காலைப் பற்றி மட்டும் கேட்கிறோம்: கல்லூரி விளையாட்டு வீரர்களின் மனநலத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணத்துப் பாடசாலைகள் பலவற்றுக்குக் கல்லூரி என்பதே பெயர். ஆகவே கல்லூரி விளையாட்டு வீரர் என்று இங்கே சொல்லும்போது பல்கலைக்கழக மாணவர் மட்டுமல்ல, பதினான்கு வயதில் அணிக்குள் வந்து பத்தொன்பது வயதில் வெளியேறும் பிள்ளையும் அதில் அடங்குவார். அந்தப் பிள்ளையின் மனத்தை நோகச் செய்பவர்கள் பெரும்பாலும் அக்கறையற்றவர்கள் அல்லர். விடியற்காலையில் மோட்டார் சைக்கிளில் மைதானத்துக்குக் கூட்டிவரும் தகப்பனும், சொந்தக் காசில் சப்பாத்து வாங்கிக் கொடுக்கும் பயிற்றுநரும், வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பும் பழைய மாணவருமே, உதவி செய்கிறோம் என்று நம்பிக்கொண்டு இத்தவறுகளைச் செய்கிறார்கள்.

அவற்றுள் மிகப் பெரியது, காயத்தை உடம்போடு முடித்துக்கொள்வது. உதைபந்தாட்டத்திலோ வலைப்பந்தாட்டத்திலோ முழங்காலுக்குள் எலும்புகளைப் பிணைத்திருக்கும் நாரான லிகமென்ற் அறுந்து சத்திரசிகிச்சை நடந்தால், மைதானத்துக்குத் திரும்ப ஏறத்தாழ ஒன்பது மாதங்கள், சிலருக்கு அதற்கு மேலும் செல்லும். பதினேழு வயதுப் பெண்ணொருத்தி ஊன்றுகோலைச் சுவரில் சாத்திவிட்டுப் பார்வையாளர் படிக்கட்டில் இருக்கிறாள். தோழியரின் பைகளும் கைத்தொலைபேசிகளும் அவள் மடியில். பக்கத்தால் போகிற எல்லோரும் "கால் எப்பிடி?" என்று கேட்கிறார்கள்; அவளும் "பரவாயில்லை" என்கிறாள். இரண்டாம் மாதத்தில் அவள் மைதானத்துக்கு வருவது நின்றுவிடுகிறது. பயிற்சி நேரத்தில் ரியூசனுக்குப் போகிறாள் என்று கேள்விப்பட்டு, பிள்ளைக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று நாம் திருப்திப்பட்டுக்கொள்கிறோம். அவளுக்கோ நண்பர்கள், நாளின் ஒழுங்கு, தான் யார் என்ற நினைப்பு ஆகிய மூன்றும் ஒரே நாளில் கைவிட்டுப் போயிருக்கின்றன.

அவளைப் பை காக்க வைக்காமல், நேரம் குறிப்பதையோ, இளையோர் அணியின் ஆட்டத்தைப் பார்த்துக் குறிப்பெடுப்பதையோ பொறுப்பாகக் கொடுக்கலாம். காலைப் பற்றிக் கேட்ட பிறகு "நித்திரை வருதோ, பிள்ளை?" என்றும் கேட்கலாம். திரும்பி வரும் நாளில், மருத்துவர் அனுமதித்த பின்னும் மோதலுக்குப் போகத் தயங்கினால், அதைக் கோழைத்தனம் என்று எடுக்கக் கூடாது. மறுபடி காயப்படுவோமோ என்ற பயம் இத்தகைய காயத்தின் ஒரு பகுதியே. அது தணியவும் படிப்படியான பயிற்சி தேவை.

மௌனத்தை மனத்திடம் என்று எடுத்துக்கொள்வது அடுத்த தவறு. 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸ் அணி இறுதிப் போட்டியின் நடுவே விலகியபோது அதைப் பலவீனம் என்றவர்கள் இருந்தார்கள். அந்தரத்தில் தன் உடம்பு எந்தத் திசையில் இருக்கிறது என்ற உணர்வே தப்பிய நிலையில், தொடர்ந்திருந்தால் கழுத்து முறிந்திருக்கலாம். அவரே 2024இல் பாரிசில் மூன்று தங்கம் வென்றார். கோலூன்றிப் பாய்தலில் பெயர்பெற்ற நம் மண்ணுக்கு இதை விளக்கத் தேவையில்லை: ஓடி வரும்போதே மனம் வேறெங்கோ இருக்கும் பிள்ளையை "பாய், பாய்" என்று கத்தித் தடிமேல் ஏற்றுவது ஆபத்து.

தோல்வியைப் பேசும் விதத்திலும் கவனம் வேண்டும். யாழ் மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் 1904 முதல் ஆடிவரும் வடக்கின் பெருஞ்சமர் என்ற கிரிக்கெட் போட்டியில் ஒரு பிடி தவறினால், அது அந்த மாலையோடு போவதில்லை. பழைய மாணவர் ஒன்றுகூடல்களில் முப்பது வருடத்துக்குப் பகிடியாக ஓடும். சொல்பவருக்குப் பகிடி. 1958 ஆசிய விளையாட்டு விழாவில் உயரம் பாய்தலில் தங்கம் வென்ற யாழ் மத்திய கல்லூரியின் எதிர்வீரசிங்கத்தை எல்லா மெய்வல்லுநர் போட்டிகளிலும் நினைவூட்டுகிறோம். அதற்கு முன்னர் 1952, 1956 ஒலிம்பிக்குகளில் அவர் பதக்கம் பெறவில்லை என்பதை நான்காவதாக வந்த பிள்ளைக்கு எவரும் சொல்வதில்லை.

பெண் பிள்ளைகளின் உடல் எடையை எல்லோர் முன்னிலையிலும் பேசுவது முற்றாக நிறுத்தப்பட வேண்டும். பயிற்சிக்கு ஏற்ற சாப்பாடு இல்லாமல் மாதவிடாய் மூன்று மாதம் வராதிருந்தால், அது கடும் பயிற்சியின் அடையாளம் அல்ல, மருத்துவரிடம் காட்ட வேண்டிய அறிகுறி. எலும்போடு மனநிலையும் அதனால் பாதிக்கப்படும்.

ஐந்து மணிக்குப் பயிற்சி, பிறகு பாடசாலை, இரவு ஒன்பது வரை ரியூசன் என்ற ஓட்டத்தில், பதின்ம வயதினருக்குத் தேவையான எட்டு முதல் பத்து மணி நேர நித்திரை எங்கே கிடைக்கும் என்று வீட்டிலே கணக்குப் பார்ப்பது நல்லது. அதற்காக ஏ.எல். என்ற உயர்தரப் பரீட்சை முடியும்வரை விளையாட்டை அடியோடு நிறுத்துவதும் சரியல்ல. பயிற்சி நாட்களைக் குறைத்தாலே போதும்.

உதவி கேட்பதை நாமே கடினமாக்கி வைத்திருக்கிறோம். நானறிந்த ஒரு பாடசாலையில் உளவளத்துணை அறைக்கு அதிபரின் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். பிள்ளைகள் ஏன் வருவதில்லை என்று அங்கே கூட்டம் போட்டு ஆராய்ந்தார்கள்! "விசர்" என்ற சொல்லைப் பகிடிக்கும் பயன்படுத்தும் பயிற்றுநரிடம் எந்த மாணவனும் மனம் திறக்க மாட்டான். திறந்து சொன்னதைத் தெரிவுக்குழுவில் போட்டுடைத்தால் அடுத்தவனும் வாய் திறக்க மாட்டான். சோர்வு, நாட்டமின்மை, நித்திரைக் குழப்பம் ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், யாழ் போதனா வைத்தியசாலையின் உளநலப் பிரிவை நாடலாம். 1926 என்ற இலங்கையின் தேசிய உளநல உதவி எண்ணையும் அழைக்கலாம். சாகும் எண்ணம் இருக்கிறதா என்று நேரடியாகக் கேட்பது அந்த எண்ணத்தை விதைக்காது. இருக்கிறது என்று பதில் வந்தால் பிள்ளையைத் தனியே விடக் கூடாது. இரகசியம் காப்பதாக வாக்கும் கொடுக்கக் கூடாது.

கடைசி ஆட்டத்துக்குப் பின்னர் கைவிடுவது பலரின் கண்ணுக்குப் படாத தவறு. பத்தொன்பது வயதோடு பாடசாலை அணி முடிகிறது. மாலை போடுகிறோம், படம் எடுக்கிறோம். மறுநாள் ஐந்து மணிக்கு வழக்கம்போல் விழிப்பு வரும், போவதற்கு இடம் இருக்காது. எனக்குத் தெரிந்த பயிற்றுநர் ஒருவர், அந்த வருடம் அணியை விட்டுப் போனவர்களின் பெயர்களை ஒரு கொப்பியில் எழுதி வைத்து, மாதம் ஒருமுறை வரிசையாக அழைக்கிறார்; விளையாட்டைப் பற்றி அவர் கேட்பதில்லை. முதல் அழைப்பில் அநேகர் "சுகமா இருக்கிறன் சேர்" என்று வைத்துவிடுவார்களாம். மூன்றாவது, நான்காவது அழைப்பில்தான் பேச்சு நீளுமாம்.