பிளேயர்ல பாட்டு ஏத்தறதுக்கு முன்னாடி: எந்த ஃபார்மேட் எடுக்கறது?

சின்னதா ஒரு மியூசிக் பிளேயர் வாங்கியாச்சு, மெமரி கார்டும் போட்டாச்சு, சரி பாட்ட ஏத்தலாம்னு உக்காந்தா கன்வெர்ட்டர் சாஃப்ட்வேர் எம்பி3யா, ஏஏசியா, ஃப்ளாக்கா, ஓபஸா, வேவானு ஒரு லிஸ்ட்ட நீட்டும். முதல் தடவை நான் பண்ண கூத்து என்னன்னா, ஃப்ளாக்தான் ஒசத்தினு எங்கயோ படிச்சுட்டு, என்கிட்ட இருந்த எம்பி3 எல்லாத்தையும் ஃப்ளாக்கா மாத்தினேன். ராத்திரி பூரா ஓடுச்சு. காலைல பாத்தா கார்டு ஃபுல், சத்தத்துல மட்டும் ஒரு மாத்தமும் இல்ல.

படி 1: பிளேயர் எதை வாசிக்கும்னு பாருங்க

சத்தம் எப்படி இருக்கும்ங்கற கேள்வி அப்புறம். முதல்ல மேனுவல்ல எந்தெந்த ஃபார்மேட் போட்டிருக்குனு பாருங்க. எம்பி3 எல்லாத்துலயும் ஓடும், அதுல சந்தேகமே வேணாம். ஓபஸ் 2012ல வந்தது, அதனால பழைய பிளேயர் பலதுக்கு அது என்னன்னே தெரியாது. பழைய ஐபாட்னா ஃப்ளாக் ஓடாது, அதுக்கு ஆப்பிளோட சொந்த லாஸ்லெஸ் (அதாவது சத்தத்துல எதையும் இழக்காத) ஃபார்மேட்டான அலாக்தான் வேணும்.

எம்4ஏனு முடியற ஃபைல்ல ஒரு சிக்கல் இருக்கு. அது வெறும் டப்பா, உள்ள ஏஏசியும் இருக்கலாம் அலாக்கும் இருக்கலாம், வெளிய பேரு ஒண்ணுதான். அதனால ஒரு பாட்டு ஓடி இன்னொண்ணு ஓடலைனா பிளேயர் ரிப்பேர்னு முடிவு பண்ணிடாதீங்க. மேனுவல முழுசா நம்பறதுக்கு பதிலா ஒரே பாட்ட நாலு ஃபார்மேட்ல மாத்தி காப்பி பண்ணி ஓட விட்டு பாத்துடுங்க, பத்து நிமிஷ வேலை.

படி 2: எது தூக்கி எறியுது, எது எறியல

இது ஒண்ணு புரிஞ்சா மீதி தானா புரியும். சிடில இருக்கற சத்தம் ஒரு செகண்டுக்கு 44,100 தடவை அளந்து, ஒவ்வொரு அளவையும் 16 பிட்ல எழுதி வெச்சது, இடது வலதுனு ரெண்டு சேனல். பெருக்கி பாத்தா செகண்டுக்கு சுமார் 1,411 கிலோபிட் வரும். அதை அப்படியே வெச்சா வேவ். ஜிப் பண்ற மாதிரி இறுக்கி, திறக்கும்போது ஒரு பிட் கூட குறையாம திரும்ப குடுத்தா ஃப்ளாக், பெரும்பாலும் வேவ்ல பாதி இல்ல கொஞ்சம் கூட இருக்கும்.

எம்பி3, ஏஏசி, ஓபஸ், ஓக் வோர்பிஸ் எல்லாம் வேற ஜாதி. பெரிய சத்தம் ஒண்ணு கேக்கும்போது அதுக்கு பக்கத்து ஸ்ருதில இருக்கற மெல்லிசான சத்தம் நம்ம காதுல விழாது இல்லையா, அதை கண்டுபிடிச்சு அந்த இடத்துல விவரத்த குறைச்சு எழுதும். குறைச்சது போனது போனதுதான், கறந்த பால் மடிக்கு திரும்பாது. நான் எம்பி3ய ஃப்ளாக்கா மாத்தினப்போ நடந்தது இதுதான், இல்லாதத பெரிய பெட்டில போட்டு பூட்டி வெச்சேன். எம்பி3ல இருந்து ஏஏசிக்கு மாத்தறது இன்னும் மோசம், ஏற்கெனவே வெட்டினத மறுபடி வெட்டறோம்.

படி 3: இடத்த கணக்கு போடுங்க

பிட்ரேட்ட, அதாவது ஒரு செகண்ட் பாட்டுக்கு எத்தனை கிலோபிட் செலவாகுதுங்கற கணக்க, பாட்டோட செகண்டால பெருக்கி 8000ஆல வகுத்தா எத்தனை எம்பினு வந்துடும். நாலு நிமிஷ பாட்டு, அதாவது 240 செகண்ட், 320ல எம்பி3னா 9.6 எம்பி. 128னா 3.84. அதே பாட்டு வேவ்னா 42 எம்பிய தாண்டும், ஃப்ளாக்னா பாட்ட பொறுத்து இருபத்தஞ்சு பக்கம். 32 ஜிபி கார்டுல 320 பிட்ரேட் எம்பி3 பாட்டு மூவாயிரத்துக்கு மேல போகும், ஃப்ளாக் ஆயிரத்து சொச்சம்.

படி 4: உங்க காத கேளுங்க

கம்ப்யூட்டர்ல பாட்டு கேக்கற, மாத்தற சாஃப்ட்வேர் ஃபூபார்2000. அதுல ஏபிஎக்ஸ்னு ஒரு கம்பேரட்டர் சேத்துக்கலாம், எது எந்த ஃபைல்னு காட்டாம மாத்தி மாத்தி போட்டு உங்கள கண்டுபிடிக்க சொல்லும். ஃப்ளாக்கையும் அதுல இருந்து பண்ண 192 எம்பி3யையும் வெச்சு நீங்க பிளேயர்ல போடப்போற அதே ஹெட்போன்ல ஒரு பதினாறு தடவை முயற்சி பண்ணுங்க. நான் பெரிய காதுனு பீத்திட்டு இருந்தேன், பாதிக்கு பாதி தப்பு, காச சுண்டி போட்டிருந்தாலும் அதே மார்க்குதான். ப்ளூடூத்ல கேக்கறவங்களுக்கு இன்னொரு விஷயம், ப்ளூடூத்துக்காக சத்தத்த சுருக்கற எஸ்பிசி மாதிரி கோடெக் காத்துல அனுப்பறதுக்கு முன்னாடி மறுபடி ஒரு தடவை வெட்டும், அதனால அங்க ஃப்ளாக் ஏத்தி பெருசா லாபம் ஒண்ணும் இல்ல.

படி 5: மாத்தற வேலை

வீட்டு கம்ப்யூட்டர்ல ஃப்ளாக், பிளேயர்ல அதுல இருந்து எடுத்த சின்ன காப்பி, நான் இப்படித்தான் வெச்சிருக்கேன். சிடி இருந்தா ஒரே ஒரு தடவை ஃப்ளாக்கா எடுத்து வெச்சுட்டா நாளைக்கு பிளேயர் மாறினாலும் அதுல இருந்தே புதுசா பண்ணிக்கலாம், மறுபடி சிடிய தேட வேணாம். மாத்தறதுக்கு ஃப்ரீயா கிடைக்கற ஃபூபார்2000 போதும். எம்பி3னா, அதை உருவாக்கற லேம் என்கோடர்ல க்வாலிட்டி செட்டிங்க வி2னு வைங்க, பிட்ரேட் சராசரியா 190 பக்கம் வரும், மனசு கேக்கலைனா வி0, அது 245 பக்கம். ஓபஸ் ஓடும்னா 128 தாராளம். ஏற்கெனவே எம்பி3யா மட்டும் இருக்கற பாட்ட தொடாதீங்க, அப்படியே காப்பி பண்ணுங்க.

படி 6: ஏத்தும்போது வர்ற தொல்லைங்க

பாட்டு பேரு தமிழ்ல இருந்து கட்டம் கட்டமா தெரிஞ்சா, பிளேயர்ல தமிழ் ஃபான்ட் இல்லனு அர்த்தம், இங்கிலீஷ் எழுத்துல மாத்தறத தவிர வழியில்ல. பேரே வரலைனா டேக் (ஃபைலுக்குள்ள பாட்டு பேரு, பாடகர் பேரு எழுதி வெக்கற இடம்) வெர்ஷன பாருங்க, சிலதுக்கு ஐடி3ங்கற டேக்கோட 2.4 வெர்ஷன் புரியாது, எம்பி3டேக்னு ஒரு சாஃப்ட்வேர்ல 2.3ஆ மாத்தி சேவ் பண்ணா வந்துடும். கவர் படம் தெரியலைனா ப்ரோக்ரஸிவ் ஜேபெக்கா (மங்கலா ஆரம்பிச்சு போகப்போக தெளிவாகற வகை படம்) இருக்கலாம், சாதா ஜேபெக்கா 500க்கு 500ல சேவ் பண்ணி போடுங்க. 32 ஜிபிக்கு மேல இருக்கற கார்டு, ஃபைல அடுக்கி வெக்கற முறைல எக்ஸ்ஃபேட்ங்கற வகைல வரும், பழைய பிளேயர் பலதுக்கு அது தெரியாது, ஃபேட்32ங்கற பழைய வகையா ஃபார்மேட் பண்ணி பாருங்க, அதுல இருக்கற பாட்ட முதல்ல வேற இடத்துல எடுத்து வெச்சுட்டு.

அப்புறம் சில பிளேயர் பேரு வரிசைய பாக்கவே பாக்காது, கார்டுல எது முதல்ல ஏறிச்சோ அதைத்தான் முதல்ல வாசிக்கும். ஆல்பம் தலைகீழா ஓடுச்சுன்னா கம்ப்யூட்டர்ல ஃபைல் பேருக்கு முன்னாடி 01, 02னு போட்டு, கார்டுல இருக்கற அந்த ஃபோல்டர அழிச்சுட்டு, வரிசையா திரும்ப காப்பி பண்ணுங்க.