அறுபதுக்கும் எண்பதுக்கும் நாள் குறிக்கும் முன்

அப்பாவின் அறுபதாம் கல்யாணம் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது, ஈர வேட்டியோடு அவர் உட்கார்ந்திருந்த கோலம்தான். திருக்கடையூரில் கலசத் தண்ணீரைப் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், சம்பந்தி வீட்டார் என்று வரிசையாக எல்லோரும் ஊற்றினோம். அப்புறம் போட்டோக்காரர் ஒவ்வொரு குடும்பமாகக் கூப்பிட்டு நிற்க வைத்தார். அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு. கடலூரிலிருந்து விடிகாலை மூன்று மணிக்கு ஒரு டம்ளர் காபியோடு கிளம்பியவர். பத்து மணிக்கு மாலையைக் கையில் எடுத்தபோது விரல்கள் நடுங்கின. அம்மாதான் கவனித்தாள். நாங்கள் யாரும் கவனிக்கவில்லை.

அந்தத் தவறை நீங்கள் செய்யாதீர்கள். சிதம்பரம், சீர்காழி தாண்டிப் போகவேண்டிய ஊர் அது. முதல் நாள் மாலையே போய் அங்கே தங்கிவிடுங்கள். எப்போது என்ன சாப்பிடலாம், மாத்திரையை எந்த நேரம் போடுவது என்று டாக்டரிடமும் புரோகிதரிடமும் முன்பே பேசி வையுங்கள். தண்ணீர் ஊற்றி முடித்ததும் துண்டும் மாற்று உடையும் தயாராக இருக்கவேண்டும். அதற்கென்றே வீட்டில் ஒருவர் பொறுப்பேற்றுக்கொள்ளட்டும். போட்டோவெல்லாம் அவர்கள் சாப்பிட்ட பிறகு எடுக்கலாம்.

நாள் குறிப்பதிலும் பலர் தடுமாறுகிறார்கள். ஆதார் கார்டில் இருக்கும் தேதியை வைத்து மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்கள். சஷ்டியப்த பூர்த்தி என்கிற அறுபதாம் கல்யாணத்துக்குப் பார்ப்பது பிறந்த தமிழ் மாதமும் நட்சத்திரமும். தமிழ் வருடங்கள் 60. அறுபது முடிந்ததும் பிறந்த வருடமே திரும்ப வருகிறது. 1966 சித்திரையில் பிறந்தது பராபவ வருடம். 2026 சித்திரையில் அதே பராபவ பிறக்கிறது. நட்சத்திர நாள் ஆங்கிலத் தேதிக்குப் பல நாள் முன்னாலோ பின்னாலோ விழலாம். ஒரே மாதத்தில் அந்த நட்சத்திரம் இரண்டு முறை வந்தால் எதை எடுப்பது என்று கேட்டுக்கொள்ளுங்கள். எண்பதிலும் இதே கவனம் வேண்டும். ஆயிரம் பிறை என்ற கணக்கைப் பார்ப்பவர்களுக்கு, பிறைக்குப் பிறை சுமார் 29.5 நாள் என்பதால், எண்பது முடிந்து இன்னும் சில மாதம் ஆகவேண்டும்.

கடலூர்ப் பக்கமே செய்வதானால் திருவந்திபுரம் பெருமாள் கோயிலில் முகூர்த்த நாளைத் தவிருங்கள். அன்று மலையடிவாரம் முழுக்கக் கல்யாணக் கூட்டம்; முட்டிவலிக்காரரை வண்டியிலிருந்து இறக்கிக் கூட்டிப்போவதே பெரும்பாடு. ஐப்பசி, கார்த்திகையில் மொட்டைமாடிப் பந்தலும் வேண்டாம். நம் கடலூர் மழை தெரிந்ததுதானே.

திடீர் விருந்து வைத்து ஆச்சரியப்படுத்துவதில் எனக்கு உடன்பாடு இல்லை. வயதானவர்களுக்கு அது பாதி நேரம் பதற்றம்தான். யார் யாரைக் கூப்பிடவேண்டும் என்று அவர்களிடமே கேளுங்கள். அப்பாவோடு கடலூர் முதுநகரில் முப்பது வருடம் வேலை பார்த்த நண்பர் ஒருவரை நாங்கள் விட்டுவிட்டோம். என் ஆபீஸ் ஆட்கள் நாற்பது பேர் வந்திருந்தார்கள். அப்பா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த வாரம் இனிப்புப் பொட்டலத்தோடு பஸ் ஏறி, தானே அந்த நண்பரைப் பார்த்துவிட்டு வந்தார்.

எல்லாவற்றையும்விட எனக்கு வலிக்கிற தவறு ஒன்று உண்டு. துணையை இழந்தவர்களுக்கு, அதுவும் பெண்களுக்கு, “இனிமேல் என்ன விசேஷம்” என்று எண்பதாம் வயதை அப்படியே கடந்துவிடுகிறோம். அம்மாவுக்கு எண்பது வந்தபோது அப்பா இல்லை. சொந்தத்தில் சிலர் எதுவும் வேண்டாம் என்றார்கள். தம்பதியாகச் செய்யும் சடங்கு இல்லாவிட்டால் போகட்டும். அவள் எண்பது வருடம் வாழ்ந்தது இல்லாமல் போய்விடுமா? அம்மாவிடமே கேட்டேன். “பாடலீஸ்வரரைப் பார்க்கணும், தங்கச்சி வரணும், வீட்டுலயே சாப்பாடு போதும்” என்றாள்.

காலையில் கூட்டம் ஏறும் முன் திருப்பாதிரிப்புலியூர் கோயிலுக்குப் போய்வந்தோம். பண்ருட்டியிலிருந்து சித்தி ஒரு தூக்குவாளி நிறையப் பலாச்சுளை கொண்டுவந்திருந்தாள். சாப்பிட்ட பிறகு இரண்டு பேரும் கூடத்தில் பாய் விரித்துப் படுத்தார்கள். சின்ன வயதில் கெடிலத்தில் வெள்ளம் வந்த கதையைச் சித்தி ஆரம்பிக்க, அம்மா நடுநடுவே திருத்திக்கொண்டிருந்தாள். விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் பேச்சு ஓயவில்லை.