பாலர் பள்ளி ஆசிரியர் பயிற்சி: பல பண்பாட்டுக் குடும்பங்களை அணுகுவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல பண்பாட்டுக் குடும்பங்களுடன் பழகுவது பற்றிய பயிற்சியை, இன்ன இனத்தார் இன்னது செய்வர் என்ற குறிப்புகளாகச் சுருக்கிவிடுவதே முதல் தவறு. மற்ற தவறுகளில் பெரும்பாலானவை அதிலிருந்தே கிளைக்கின்றன. சிங்கப்பூரில் வழங்கும் சீனர், மலாய்க்காரர், இந்தியர், மற்றவர் என்ற நான்கு பிரிவுகள் நிர்வாகப் பதிவுகளுக்குப் பயன்படலாமே தவிர, ஒரு குடும்பத்தைப் புரிந்துகொள்ள அவை போதாது. "இந்தியர்" என்ற ஒரே கட்டத்துக்குள் மூன்று தலைமுறையாக இங்கு வாழும் இந்துத் தமிழ்க் குடும்பமும், ஹலால் உணவு மட்டுமே உண்ணும் தமிழ் முஸ்லிம் குடும்பமும், வேலைக்காக அண்மையில் சென்னையிலிருந்து வந்த குடும்பமும், வீட்டில் மலையாளமோ பஞ்சாபியோ பேசும் குடும்பமும் அடங்கிவிடுகின்றன. இந்தியர் என்றால் சைவம் அல்லது மாட்டிறைச்சி உண்ணாதவர் என்று மட்டும் கற்றுக்கொண்ட ஆசிரியர், அந்தத் தமிழ் முஸ்லிம் குழந்தைக்கு எந்த உணவைக் கொடுக்கலாம் என்று பெற்றோரிடம் கேட்கத் தோன்றாமலே இருந்துவிடக்கூடும்.

தீபாவளிக்குக் கோலம், சீனப் புத்தாண்டுக்குப் பணம் வைத்துக் கொடுக்கும் சிவப்பு உறை, 1964ஆம் ஆண்டு இனக் கலவரங்களை நினைவில் கொண்டு ஜூலை 21ஆம் தேதி வரும் இன நல்லிணக்க நாளுக்குப் பாரம்பரிய உடை என்று கொண்டாட்டங்களோடு நிறைவடைந்துவிடுவதும் ஒரு குறையே. அவை மகிழ்ச்சியானவை, வேண்டியவையும்கூட. ஆனால் ஆசிரியரின் பண்பாட்டுப் புரிதல் சோதிக்கப்படும் இடம் குழந்தையை உடைமாற்றும் மேசை, சாப்பாட்டு வேளை, மாலையில் வாசலில் நடக்கும் இரண்டு நிமிடப் பேச்சு போன்ற அன்றாடத் தருணங்கள்தான்.

குழந்தைப் பராமரிப்பு நிலையங்களின் கைக்குழந்தைப் பிரிவுகளில் இரண்டு மாதக் குழந்தைகளையே சேர்த்துக்கொள்கிறார்கள். அணையாடை மாற்றும்போது இடுப்பில் கறுப்பு அரைஞாண் கயிறு தென்படுகிறது. கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு இருக்கிறது. பாதுகாப்பு விதிகளை நன்கு மனப்பாடம் செய்த ஆசிரியர் கயிற்றைக் கத்தரித்துவிடலாம், பொட்டை ஈரத்துணியால் துடைத்துவிடலாம். கழுத்தில் கிடக்கும் கயிறு மூச்சுக்கு ஆபத்து என்பதில் சமரசத்துக்கு இடமில்லை, அதைத் தெளிவாகச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் இடுப்புக் கயிறு தோலை அழுத்துகிறதா என்று பார்த்து, பாட்டியிடமோ தாயிடமோ விளக்கம் கேட்டு, சற்றுத் தளர்த்திக் கட்டலாமா என்று பேசி முடிவெடுப்பதற்கு ஐந்து நிமிடம் போதும். எது பாதுகாப்பு விதி, எது வெறும் பழக்கமின்மை என்று பிரித்தறியும் பயிற்சியைக் கொடுக்காமல் விதிப்பட்டியலை மட்டும் கொடுப்பது ஆசிரியருக்கும் அநீதி.

எனக்கு மிகுந்த கவலை தருவது, பேச்சு தாமதமானால் "வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள்" என்று அறிவுரை கூறும் வழக்கம். வீட்டில் பெரும்பாலும் ஆங்கிலம் பேசும் சிங்கப்பூர்வாசிகளின் விகிதம் 2010இல் 32.3 விழுக்காடாக இருந்து, 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 48.3 விழுக்காடாக உயர்ந்துள்ளது. இந்தச் சூழலில், தமிழை வீட்டில் தக்கவைத்திருக்கும் குடும்பத்திடம் அதையும் விட்டுவிடச் சொல்வது பேரிழப்பு. இரு மொழிகளைக் கேட்டு வளர்வதால் பேச்சுத் தாமதம் ஏற்படுவதில்லை. அந்த அறிவுரையைக் கேட்கும் பெற்றோர் தமக்குச் சரளமில்லாத மொழியில் சுருக்கமான கட்டளைகளாகப் பேசத் தொடங்குகிறார்கள். கதையும் கேலியும் கொஞ்சலும் குறைந்து, தாத்தா பாட்டியுடனான உரையாடலும் அறுந்துபோகிறது. வகுப்பில் ஆங்கிலத்தில் வாய் திறக்காத பிள்ளை, வீட்டில் பாட்டியிடம் "பஸ்ஸுல ஒரு அங்கிள் தூங்கி விழுந்தாரு" என்று தொடங்கி முழுக் கதையும் சொல்லக்கூடும். ஆகவே, இரு மொழிகளிலும் சேர்த்துக் குழந்தைக்கு என்னென்ன சொல்லத் தெரியும் என்று முதலில் கேட்டறிய ஆசிரியருக்குக் கற்பிக்க வேண்டும். இரண்டிலும் பின்தங்கியிருந்தால் காத்திருக்கச் சொல்லாமல் மதிப்பீட்டுக்குப் பரிந்துரைக்க வேண்டும்.

அத்தகைய கனமான செய்தியைச் சொல்லும்போது குழந்தையின் அக்காவையோ அண்ணனையோ மொழிபெயர்க்க வைக்கக்கூடாது. நிலையத்தில் தமிழாசிரியர் இருந்தால் அவருடைய உதவியை நாடலாம். ஆயினும் முன்கூட்டியே விவரம் சொல்லி, நேரம் ஒதுக்கிக் கொடுத்த பிறகே அழைக்க வேண்டும், வழியில் பிடித்து நிறுத்தி அல்ல. பெற்றோர் கூட்டத்துக்கு வராதவர் அக்கறையற்றவர் என்று முடிவு கட்டுவதையும் கைவிட வேண்டும்: ஷிஃப்ட் வேலை காரணமாக இருக்கலாம், ஆசிரியரிடம் எதிர்க்கேள்வி கேட்பது மரியாதையன்று என்ற வளர்ப்பும் காரணமாக இருக்கலாம். குழந்தையை நாள்தோறும் அழைத்துச் செல்பவர் பாட்டியோ பணிப்பெண்ணோ எனில், செயலியில் தாய்க்குச் செய்தி அனுப்புவதோடு நிற்காமல் அவரிடமும் பேச வேண்டும்.

இவை யாவும் ஒருநாள் விரிவுரையில் படிவதில்லை. பயிற்சியாளர்கள் உண்மையான உரையாடல்களை நடித்துப் பார்க்க வைத்து, சில வாரங்கள் கழித்து நிலையத்துக்கே சென்று, சேர்க்கைப் படிவத்தில் சமயம், உணவு ஆகிய கட்டங்களுக்கு அப்பால் "வீட்டில் யார் யார் எந்த மொழியில் பேசுகிறீர்கள், குழந்தையைத் தூங்க வைப்பது எப்படி" போன்ற கேள்விகள் இடம்பெற்றுள்ளனவா என்றும், பதில்களை வகுப்பாசிரியர் படித்திருக்கிறாரா என்றும் சரிபார்க்க வேண்டும்.