கடைசி பஸ் எத்தனை மணிக்கு? பஸ் நேரப் பட்டியலை வைத்து ஊரின் வறுமையைப் படிக்கும் முறை

பஸ் நிறுத்தத்தைச் சுற்றி 500 மீட்டர் வட்டம் போட்டு, அதற்குள் குடியிருப்பவர்களுக்கெல்லாம் பஸ் வசதி உண்டு என்று எழுதிவிடுவதுதான் வழக்கமான முறை. ஐ.நா.வின் நீடித்த வளர்ச்சி இலக்கு 11.2-க்கான கணக்கும் இதுதான்: பஸ்ஸுக்கு 500 மீட்டர், ரயில் போன்றவற்றுக்கு 1 கிலோமீட்டர். தொடங்குவதற்கு அது போதும். ஆனால் வட்டத்துக்குள் வீடு இருக்கிற ஒரு பெண், ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு ஒன்பது மணிக்குக் கம்பெனி வாசலில் நிற்கும்போது வீடு திரும்ப வண்டி இருக்கிறதா? வட்டம் அதைச் சொல்லாது. இந்தச் செய்முறை முழுக்க அந்தத் திரும்பும் பஸ்ஸைத் தேடித்தான் போகிறது.

கோவையை வைத்துச் சொல்கிறேன். திருப்பூர், ஈரோட்டுக்கும் அப்படியே பொருந்தும். சேலம், கரூர்க்காரர்கள் கடைசியில் உள்ள பின்சேர்க்கையை முதலில் படித்துவிடுங்கள்.

வேண்டிய சாமான்கள்

க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள், எக்செல் போன்ற லிப்ரே ஆபீஸ் கால்க், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற பொது வரைபடத்தின் சாலைகள், 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வார்டு அட்டவணைகள், வேர்ல்ட்பாப் தரும் 100 மீட்டர் மக்கள்தொகைக் கட்டம். எல்லாமே இலவசம். எக்செல் இருந்தாலும் கால்க்கையே எடுங்கள். தமிழில் நிறுத்தப் பெயர் உள்ள சிஎஸ்வி கோப்பை எக்செல்லில் இரட்டைச் சொடுக்கில் திறந்தால் எழுத்தெல்லாம் சிதைந்துவிடும். அதைச் சேமித்தும் விட்டால் மீட்க முடியாது. கால்க் திறக்கும்போதே எந்த எழுத்துமுறை என்று கேட்கும். யூடிஎஃப்-8 என்று சொன்னால் முடிந்தது.

முதல் படி: எல்லையை அகலமாகப் போடுங்கள்

மாநகராட்சி எல்லையோடு வரைபடத்தை வெட்டினால் ஆய்வு அங்கேயே கெட்டுவிடும். கோவையில் குளக்கரைகளிலும் நகரத்துக்குள்ளும் இருந்த குடிசைப் பகுதி மக்களை மறுகுடியமர்த்திய அடுக்குமாடிகளில் கீரணத்தம், மலுமிச்சம்பட்டி, வெள்ளலூர் ஆகிய மூன்றும் மாநகராட்சி எல்லைக்கு வெளியே கட்டப்பட்டவை. வீடு வெளியே போய்விட்டது, வேலை உள்ளேயே இருக்கிறது. தேடுகிற ஆட்களே எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிறார்கள். எனவே மாநகராட்சி எல்லையிலிருந்து எல்லாப் பக்கமும் குறைந்தது 8 கிலோமீட்டர் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கணக்கெடுப்பிலும் ஒரு சிக்கல் உண்டு. 2011 கணக்கெடுப்பு எடுக்கப்பட்டது பழைய 72 வார்டு எல்லையில். அதே ஆண்டில் குறிச்சி, குனியமுத்தூர், கவுண்டம்பாளையம், வடவள்ளி, துடியலூர், சரவணம்பட்டி, காளப்பட்டி முதலிய ஊர்கள் இணைந்து 100 வார்டு ஆனது. கணக்கெடுப்பு அட்டவணையில் இவை தனித்தனி ஊர்களாகவே கிடக்கும். இன்றைய வார்டு எண்ணை அந்த அட்டவணையோடு நேரடியாக இணைத்தால் ஒரு பகுதியின் வறுமை இன்னொரு பகுதியின் தலையில் ஏறும். பிழைச் செய்தி எதுவும் வராது, வரைபடம் அழகாகவே வரும், அதுதான் ஆபத்து. ஆகவே பழைய வார்டு எல்லைகளை வரைந்து, அவற்றிலேயே வேலை செய்யுங்கள்.

மறுகுடியமர்வு அடுக்குமாடிகளுக்குப் பெரும்பாலானோர் போனது 2011-க்குப் பிறகு. அதனால் கணக்கெடுப்பில் அந்த இடம் காலி நிலம்தான். வேர்ல்ட்பாப் கட்டமும் கணக்கெடுப்பிலிருந்து கணித்ததே என்பதால் அதையும் நம்ப முடியாது. வீடுகளின் எண்ணிக்கையை எடுத்து, வீட்டுக்கு 3.5 பேர் என்று வைத்து, கையால் புள்ளி போடுங்கள். அடுத்த கணக்கெடுப்பு 2027-இல் வரும்வரை வேறு வழியில்லை.

இரண்டாம் படி: நிறுத்தங்களும் நடைகளும்

பஸ் தரவுக்கு உலகப் பொது வடிவம் ஜிடிஎஃப்எஸ். அதில் நமக்கு வேண்டியவை ஐந்து கோப்புகள்: ஸ்டாப்ஸ் (நிறுத்தங்கள்), ரூட்ஸ் (வழித்தடங்கள்), ட்ரிப்ஸ் (நடைகள், அதாவது பஸ்ஸின் ஒவ்வொரு பயணமும்), ஸ்டாப் டைம்ஸ் (நிறுத்தத்துக்கு வரும் நேரங்கள்), காலண்டர் (ஓடும் நாட்கள்). ஆயத்தக் கோப்பு கிடைக்காவிட்டால் கால்க்கில் நாமே கட்ட வேண்டியதுதான். காந்திபுரம், உக்கடம், சிங்காநல்லூர் நிலையங்களில் எழுதி வைத்திருக்கும் நேரங்கள், போக்குவரத்துக் கழகத்திடம் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கும் நடை அட்டவணை, தனியார் டவுன் பஸ்ஸுக்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் உள்ள அனுமதி நேரங்கள். மூன்றும் சேர்ந்தால்தான் முழுப் படம். கோவையில் தனியார் டவுன் பஸ்ஸை விட்டுவிட்டுப் போடும் வரைபடம் பாதி வரைபடம்.

கட்டும்போது இரண்டு இடத்தில் தடுக்கும்.

ஒன்று, ஸ்டேஜும் நிறுத்தமும் ஒன்றல்ல. கட்டணப் பட்டியலில் இருப்பது ஸ்டேஜ்; ஒரு ஸ்டேஜுக்குள் இரண்டு மூன்று நிறுத்தம் இருக்கும். ஸ்டேஜை நிறுத்தமாக எடுத்தால், நடுவில் ஏறுகிறவர்கள் பஸ்ஸே இல்லாதவர்களாகத் தெரிவார்கள்.

இரண்டு, அட்டவணையில் புறப்படும் நேரமும் சேரும் நேரமும்தான் இருக்கும். இடைநிறுத்த நேரத்தைத் தூரத்தை வைத்துப் பிரித்துக்கொள்ளலாம். ஆனால் ஒவ்வொரு வழித்தடத்திலும் ஒருமுறை பஸ்ஸில் போய், கைப்பேசியில் ஆஸ்ம்ஆண்ட் செயலியில் தடம் பதிந்து வருவது எவ்வளவோ மேல். நிறுத்தங்களின் சரியான இடமும் அதிலேயே கிடைத்துவிடும்.

நள்ளிரவுக்குப் பின் வரும் நேரத்தை ஜிடிஎஃப்எஸ்ஸில் 25:10:00 என்று எழுத வேண்டும். 1:10:00 என்று எழுதினால் அந்த நடை அதிகாலைக் கணக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

அட்சரேகை, தீர்க்கரேகை இடம் மாறினால் உடனே தெரிந்துவிடும். காந்திபுரம் ஏறக்குறைய 11.02, 76.97. க்யூஜிஐஎஸ்ஸில் எக்ஸ் என்பது தீர்க்கரேகை, அதாவது 76.97. மாற்றிக் கொடுத்தால் கோவையின் நிறுத்தங்கள் அத்தனையும் ஆர்க்டிக் கடலில், ஸ்வால்பார்டு பக்கம் போய் விழும்.

மூன்றாம் படி: வட்டம் வேண்டாம், நடக்கும் வழி வேண்டும்

வரைபடத்தை முதலில், பாகைக்குப் பதில் மீட்டரில் அளக்கும் இபிஎஸ்ஜி 32643 என்ற ஆயமுறைக்கு மாற்றுங்கள். இதைச் செய்யாமல் 500 என்று கொடுத்தால் க்யூஜிஐஎஸ் அதை 500 பாகை என்று எடுத்துக்கொள்ளும். உலகமே ஒரே வட்டத்துக்குள் வந்துவிடும்.

பிறகு நெட்வொர்க் அனாலிசிஸ் பகுதியில் 'சர்வீஸ் ஏரியா ஃப்ரம் லேயர்' கருவியை எடுத்து, நிறுத்தங்களைத் தொடக்கப் புள்ளியாக்கி, 500 மீட்டர் கொடுங்கள். வட்டத்துக்கும் இதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்பதை வாலாங்குளத்தில் பார்க்கலாம். கரையில் உள்ள நிறுத்தத்தைச் சுற்றி வட்டம் போட்டால் அதில் பெரும்பகுதி தண்ணீர். எதிர்க்கரை வீடுகளும் வட்டத்துக்குள் வந்துவிடும். ஆனால் அவர்கள் குளத்தைச் சுற்றித்தான் வர வேண்டும். ரயில் பாதை, நொய்யல், அவிநாசி சாலையின் நடுத்தடுப்பு எல்லாவற்றிலும் இதே கதைதான்.

இந்தக் கருவி தருவது பரப்பு அல்ல, கோடுகள். அதற்கு இருபுறமும் 40 மீட்டர் அகலம் (பஃபர்) கொடுத்து, பின் டிசால்வ் செய்து ஒன்றாக்குங்கள். டிசால்வை விட்டுவிட்டால், இரண்டு நிறுத்தத்துக்கு நடுவில் இருப்பவர்கள் இரண்டு முறை எண்ணப்படுவார்கள். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் சந்துகள் விடுபட்டிருந்தால் நீங்களே வரைந்து சேருங்கள். ஏழைகளின் தெருக்கள்தான் வரைபடத்தில் அதிகம் விடுபடுகின்றன.

நான்காம் படி: நேரம்

இங்கேதான் பொறுமை வேண்டும். ஒரு நாளைக்கு மொத்தம் இத்தனை நடை என்ற எண்ணால் பயனில்லை. நாளைத் துண்டுகளாக வெட்டுங்கள்:

காலை 5.00 முதல் 6.30: தூய்மைப் பணிக்கும் மார்க்கெட்டுக்கும் போகிறவர்கள்.
காலை 7.00 முதல் 8.30: கம்பெனி, பள்ளிக்கூடம்.
இரவு 8.30 முதல் 10.00: திரும்புகிறவர்கள்.
ஞாயிறு, தனியாக.

பனியன் கம்பெனியில் காலை 8.30-க்கு ஏறி ஒன்றரை ஷிப்ட் பார்த்தால் இறங்க இரவு ஒன்பது மணி சுமார் ஆகும். காலைத் துண்டில் எட்டு நடையும் இரவுத் துண்டில் ஒன்பதுக்கு முன்பே போய்விடும் ஒரே ஒரு நடையும் இருந்தால், அந்தக் குடியிருப்புக்காரர் அரை ஷிப்ட் கூலியை விட்டுவிட்டு 5.30-க்கே கிளம்ப வேண்டும், இல்லையென்றால் ஆட்டோவுக்குக் கொடுக்க வேண்டும். பஸ் அட்டவணை கூலியைத் தொடுகிற இடம் இது. எனவே ஒவ்வொரு குடியிருப்புக்கும் 'கடைசியாக ஊருக்குள் வந்து சேரும் நடை' என்று அட்டவணையில் ஒரு தனிப் பத்தி கட்டாயம் வேண்டும்.

காத்திருப்பு நேரத்தைக் கணக்கிடுவதில் பலர் சறுக்குவார்கள். இரண்டு மணி நேரத்தில் மூன்று பஸ், சராசரி இடைவெளி 40 நிமிடம், ஆகவே காத்திருப்பு 20 நிமிடம் என்று எழுதுவார்கள். இடைவெளி சமமாக இருந்தால்தான் அது சரி. பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிக்கொண்டு வரும் ஊரில் உண்மையான இடைவெளி 10, 10, 100 நிமிடம் என்றும் இருக்கும். அப்போது ஒவ்வொரு இடைவெளியையும் வர்க்கப்படுத்திக் கூட்டுங்கள்: 100 + 100 + 10,000 = 10,200. அதை மொத்த நிமிடத்தின் இரு மடங்கான 240-ஆல் வகுங்கள். 42.5 நிமிடம். சராசரி சொன்னதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். கால்க்கில் சம்ஸ்க்யூ என்ற சூத்திரம் இந்த வர்க்கக் கூட்டலை ஒரே வரியில் செய்துவிடும்.

இன்னொரு பத்தியும் தேவை: கட்டணமில்லா நடை. 2021 மே 8 முதல் அரசின் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. தனியார் பஸ்ஸில் அது கிடையாது. எல்லா நடையும் சேர்ந்த காத்திருப்பு 12 நிமிடமும், கட்டணமில்லா நடைக்கு மட்டும் 55 நிமிடமும் வந்தால், காசு இல்லாதவருக்கு அந்த நிறுத்தம் 55 நிமிட நிறுத்தம்தான்.

கண்டக்டரின் மெஷினில் பதிவாகும் கட்டணமில்லா டிக்கெட் எண்ணிக்கை கிடைத்தால் வாங்கி வையுங்கள், ஆனால் அதை வறுமையின் அளவாக எடுக்காதீர்கள். ஏறியவர்கள்தான் அதில் பதிவாகிறார்கள். பஸ் இல்லாததால் வேலைக்கே போகாதவர் எந்த மெஷினிலும் இல்லை.

ஐந்தாம் படி: தேவையின் பக்கம்

கணக்கெடுப்பின் வீட்டுப் பட்டியல் அட்டவணையிலிருந்து மூன்று பத்திகள் போதும்: குறிப்பிட்ட சொத்து எதுவும் இல்லாத வீடுகள், வளாகத்துக்குள் கழிப்பறை இல்லாத வீடுகள், இருசக்கர வாகனம் இல்லாத வீடுகள். இன்னொரு அட்டவணையிலிருந்து குறுந்தொழிலாளர், அதாவது ஆண்டில் ஆறு மாதத்துக்கும் குறைவாக வேலை கிடைத்தவர்களின் விகிதம். வீட்டுப் பட்டியலில் இருப்பவை சதவீதங்கள். இரண்டு வார்டைச் சேர்க்கும்போது நேராகச் சராசரி எடுக்காமல், வீட்டு எண்ணிக்கையால் பெருக்கிக் கூட்டிப் பின் வகுக்க வேண்டும்.

இருசக்கர வாகனப் பத்தியை மட்டும் கவனமாகப் படியுங்கள். பஸ் வராத ஊரில் தவணைக்காவது ஒரு டிவிஎஸ் எக்ஸ்எல் மொபெட் வாங்கித்தான் ஆக வேண்டும். கணக்கெடுப்பு அந்த வீட்டை வசதி உள்ள வீடாகக் காட்டும். உண்மையில் அது கடன். அதனால் இந்தப் பத்தியோடும் இது இல்லாமலும் இரண்டு முறை கணக்கிடுங்கள். இரண்டிலும் வரிசை பெரிதாக மாறுகிற பகுதிகளுக்கு நேரில் போக வேண்டும்.

சேர்ப்பதற்கு எளிய வழி தரவரிசை. ஒவ்வொரு பத்தியிலும் வார்டுகளை வரிசைப்படுத்தி, வரிசை எண்களைக் கூட்டுங்கள். கணித நுணுக்கம் குறைவுதான், ஆனால் வார்டு கவுன்சிலரிடம் இரண்டு நிமிடத்தில் விளக்க முடியும். பிறகு தேவையை மூன்றாகவும் இரவுப் பஸ் வசதியை மூன்றாகவும் பிரித்தால் ஒன்பது கட்டம் வரும். தேவை மிகுதி, வசதி குறைவு என்ற ஒரு கட்டத்துக்கு மட்டும் அடர்நிறம் கொடுங்கள். மற்ற எட்டும் வெளிறியே இருக்கட்டும்.

ஆறாம் படி: நிறுத்தத்தில் போய் நில்லுங்கள்

அடர்நிறக் கட்டத்தில் வந்த ஒவ்வொரு இடத்திலும் ஒரு வேலைநாள், ஒரு சனி, ஒரு ஞாயிறு இரவு 8.30 முதல் 10 வரை நின்று, வந்த வண்டியின் நேரத்தை எழுதுங்கள். அட்டவணையில் இருக்கும் கடைசி நடை ரோட்டில் வருகிறதா என்பது இப்படித்தான் தெரியும். பக்கத்து டீக்கடையிலும் பூக்கடையிலும் கேளுங்கள். வாரத்தில் எத்தனை நாள் கட் ஆகிறது என்று அவர்களுக்குத் தெரியும். கம்பெனி வேன், ஷேர் ஆட்டோ போவதையும் குறியுங்கள். வேன் வருகிற ஊரில் பஸ் இல்லாதது உடனே உறைக்காது. ஆனால் அந்தக் கம்பெனியை விட்டு வேறு வேலைக்குப் போக நினைக்கும் அன்று உறைக்கும்.

போக்குவரத்துக் கழகக் கிளைமேலாளரிடம் போகும்போது வரைபடம் இரண்டாவது தாளாக இருக்கட்டும். முதல் தாளில் நிறுத்தத்தின் பெயர், அட்டவணைப்படி கடைசி நடை, மூன்று இரவுகளில் உண்மையில் வந்த நேரம், ஷிப்ட் முடியும் நேரம், வீடுகளின் எண்ணிக்கை. இந்த ஐந்து பத்தி போதும்.

பின்சேர்க்கை: சேலம், கரூர், நாமக்கல்

கிழக்கே 78 பாகைத் தீர்க்கரேகையைத் தாண்டினால் ஆயமுறையின் மண்டலம் மாறிவிடும். கோவை, திருப்பூர், ஈரோட்டுக்கு இபிஎஸ்ஜி 32643. சேலம், கரூர், நாமக்கல் நகரங்களுக்கு 32644. மாவட்டம் முழுவதையும் எடுத்தால் கோடு நடுவில் போகும். அப்போது ஏதாவது ஒன்றை மட்டும் எடுத்து, எல்லா அடுக்கையும் அதற்கே மாற்றிக்கொள்ளுங்கள். கோட்டை ஒட்டிய தூரத்தில் 500 மீட்டருக்கு ஒரு மீட்டர்கூட வித்தியாசம் வராது. இரண்டையும் மட்டும் கலக்காதீர்கள்.