பழைய சாமிப்படம் சேர்ப்போருக்கு

தோட்டத்து லயக் காம்பராச் சுவர்களில் தொங்கிய பழைய சாமிப்படங்களும் கலண்டர் படங்களும் வீடு திருத்தும்போதுதான் வெளியே வரும். போத்தல், பேப்பர் வாங்க வருபவரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

முதலில் கீழ் ஓரத்தைப் பாருங்கள். கலண்டர் சாமிப்படங்கள் வரைந்த கோவில்பட்டி ஓவியர் கொண்டையராஜுவின் பெயர் இருந்தால் விடாதீர்கள். 1894இல் பம்பாயில் தொடங்கிய ரவிவர்மா அச்சகத்தின் கல்லச்சு (கல்லில் வரைந்து அச்சிட்ட படம்) என்று விலை சொன்னால், 10 மடங்கு பெருக்கும் லென்ஸை வையுங்கள். புள்ளிகள் வரிசை பிசகாமல் நின்றால் பிற்கால மறுபதிப்பு. கல்லச்சில் அவை சீரின்றிச் சிதறியிருக்கும்.

மலைநாட்டில் பெரிய எதிரி ஈரம். நுவரெலியாக் குளிரில் கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தை உரிக்காதீர்கள், மை கண்ணாடியிலேயே தங்கிவிடும். அப்படியே மாட்டுங்கள். பூஞ்சணம் இருந்தால் நிழலில் நன்றாக உலர்த்தி, வெளியே வைத்து மென்தூரிகையால் தட்டுங்கள். ஈரத்துணி கறையைப் பரப்பும்.

சட்டம் போடும்போது கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவே 3 மில்லிமீற்றர் இடைவெளி வர, அமிலமற்ற மவுண்ட் அட்டை வைக்கச் சொல்லுங்கள். செலோடேப் வேண்டவே வேண்டாம். படத்தின் மேல் விளிம்பை மட்டும், இரண்டு இடத்தில் மெல்லிய தாள் துண்டு வைத்து, மாப்பசையால் பின் அட்டையோடு ஒட்டுங்கள். நாலு பக்கமும் ஒட்டினால் ஈரத்தில் தாள் விரிய இடமின்றி நெளியும். லெமினேட் செய்வது காசு கொடுத்துக் கெடுப்பது. சட்டத்தின் பின்னால் கீழ் மூலைகளில் தக்கைத் துண்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் இடையே காற்றோடும்.