பழைய ஸ்விஃப்ட்டைத் தாழ்த்தப் போகிறீர்களா? இடுப்பு தப்பிக்கத் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2005-ல் இந்தியாவில் வந்த முதல் மாருதி ஸ்விஃப்ட் காரை இன்னும் விற்க மனமில்லாமல் வைத்திருப்பவர்களுக்கு காரைத் தரைக்கு நெருக்கமாக இறக்கிப் பார்க்கும் ஆசை ஒரு நாள் வந்தே தீரும். டயருக்கும் அதன் மேலே வளையும் தகடான ஃபெண்டருக்கும் நடுவில் கை நுழைகிற அந்த இடைவெளி திடீரென்று கண்ணை உறுத்தத் தொடங்கும். தாழ்த்துவதில் தப்பே இல்லை. ஆனால் தாழ்த்திய பிறகும் அப்பா அம்மாவைப் பின்சீட்டில் உட்கார வைத்து ஊருக்குப் போய்வர வேண்டும் என்றால் யோசிக்க நிறைய இருக்கிறது.

எல்லோரும் முதலில் செய்கிற தவறு, ஸ்பிரிங்கை அறுப்பது. நானும் செய்தேன். ஒரு பட்டறையில் கிரைண்டரை வைத்து அரை மணி நேரத்தில் முடித்துக் கொடுத்தார்கள், பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் சுருள் குறைந்தால் மிச்சமுள்ள ஸ்பிரிங் விறைத்துவிடும். வேலை செய்யும் 6 சுருளில் 1 போனாலே விறைப்பு 20 சதவீதம் கூடுகிறது. அறுத்த முனை, ஸ்பிரிங்கைத் தாங்கும் தட்டில் ஒழுங்காக உட்காராது. ஜாக்கி போட்டுத் தூக்கினால் ஸ்பிரிங் லொடலொடவென்று ஆடும், ஓடும்போது ஒரு சக்கரம் பள்ளத்தில் தொங்கினாலும் அதே கதைதான்.

சரி, தாழ்த்துவதற்கென்றே செய்த ஸ்பிரிங் வாங்கிவிட்டோம், இனி எவ்வளவு வேண்டுமானாலும் இறக்கலாமா? இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். சொகுசு ஸ்பிரிங்கின் மென்மையில் மட்டும் இல்லை, சக்கரம் மேலே ஏற இன்னும் எவ்வளவு இடம் மிச்சம் என்பதில் இருக்கிறது. அந்த இடம் 70 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 மி.மீ. இறக்கினால் 20 மி.மீ.தான் கையிருப்பு, பின்னால் மூன்று பேர் ஏறி டிக்கியில் இரண்டு பெட்டியும் வைத்தால் அதுவும் காலி. அதற்கப்புறம் கார் ஓடுவது ஸ்பிரிங்கில் இல்லை, சக்கரம் எல்லை தாண்டி ஏறாமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பரில். ஒவ்வொரு குழிக்கும் முதுகெலும்பு வரைக்கும் ‘டொம்’ என்று கேட்பது அதனால்தான். இதே காரணத்தால் "தாழ்வாகவும் வேண்டும், மெத்தென்றும் வேண்டும்" என்று ரொம்ப மென்மையான ஸ்பிரிங் தேடுவதும் வீண்: இடம் குறைந்த காருக்குக் கொஞ்சம் விறைப்பான ஸ்பிரிங்தான் தரையைத் தட்டாமல் காப்பாற்றும். என் கணக்கில் 25, மிஞ்சினால் 30 மி.மீ. அதோடு நிறுத்துங்கள். கம்பெனி கொடுத்த தரை இடைவெளியே 170 மி.மீ.தான். வேகத்தடை 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம் என்று இந்திய சாலைப் பேராயத்தின் விதி சொல்கிறது. நம் தெருவில் ராத்திரியோடு ராத்திரியாகச் சிமென்ட்டைக் குவித்து வைத்தவர் அதைப் படித்திருக்க மாட்டார்.

பழைய ஷாக் அப்சார்பரை அப்படியே விட்டு ஸ்பிரிங்கை மட்டும் மாற்றுவது அடுத்த தவறு. பதினைந்து வருஷம் உழைத்த ஷாக்குக்குப் புது ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கத் தெம்பு இருக்காது. பில்ஸ்டைன் கம்பெனி தொழிற்சாலை உயரத்துக்கு பி6 என்றும், தாழ்த்திய ஸ்பிரிங்குக்குக் குட்டையாக பி8 என்றும் தனித்தனியாகச் செய்வது சும்மா இல்லை. பட்ஜெட் இடிக்கிறதா, ஸ்பிரிங்கைத் தள்ளிப்போட்டு முதலில் நல்ல ஷாக்கைப் போடுங்கள். ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாகச் சேர்ந்து வரும் காயிலோவரில் மலிவானவை பக்கம் மட்டும் போகாதீர்கள். உயரத்தைத் திருகி மாற்றலாம் என்பது தவிர அதில் சொகுசுக்கு ஒன்றும் இல்லை.

இன்னொன்று, மெக்கானிக்குகளே கோட்டை விடுவது. சக்கரத்தைக் கீழிருந்து பிடிக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்ஷையும், முன் ஷாக்கின் தலையை உடலோடு இணைக்கும் ஸ்ட்ரட் மவுண்ட்டையும் எப்படியும் மாற்றத்தான் வேண்டும், பழைய காரில் பாதிச் சத்தம் அங்கிருந்துதான் வருகிறது. ஆனால் சக்கரம் தொங்கும்போதே ஆர்ம் போல்ட்டை முறுக்கி இறுக்கிவிட்டால், காரைக் கீழே இறக்கியதும் புஷ்ஷின் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே நிற்கும். பயணம் விறைப்பாக இருக்கும், ரப்பரும் சீக்கிரம் கிழியும். காரின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகுதான் கடைசி இறுக்கு. பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள், மெக்கானிக் அண்ணன் முறைத்தால் முறைக்கட்டும். முடிந்த கையோடு வீல் அலைன்மென்ட். டோ, அதாவது சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் கோணம், மாறியிருக்கும், விட்டால் டயரின் ஓரம் தேய்ந்துவிடும்.

டயரை மறந்துவிடுகிறோம். 165/80 ஆர்14 டயரின் (165 மி.மீ. அகலம், அதில் 80 சதவீதம் டயர் சுவரின் உயரம், 14 இன்ச் வீல்) விட்டம் சுமார் 620 மி.மீ., அதை எடுத்துவிட்டு 195/50 ஆர்15 போட்டால் 576. ஸ்பிரிங்கைத் தொடாமலே கார் 22 மி.மீ. இறங்கிவிட்டது, ஆனால் குழியை விழுங்கும் டயர் சுவரும் 132-லிருந்து 97 மி.மீ. ஆகிவிட்டது, ஸ்பீடோமீட்டரும் கூட்டிக் காட்டும். இதோடு தாழ்த்திய ஸ்பிரிங்கையும் சேர்த்தால் சொகுசை மறந்துவிடலாம். பழைய 14 இன்ச் வீலையே வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஆர்.சி. விஷயம். தனியார் காருக்கு 15 வருஷத்தோடு பதிவு முடிகிறது, புதுப்பிக்க வண்டியைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு சொல்கிறது. ஸ்பிரிங் அதில் வருமா வராதா என்று கவுன்ட்டரில் நின்று வாதாடுவதைவிட, வேலையைத் தொடங்கும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். கழற்றிய ஒரிஜினல் ஸ்பிரிங் நாலையும் பழைய இரும்புக்காரருக்குப் போடாமல் பரணில் ஏற்றி வையுங்கள். நான் அறுத்துத் தொலைத்ததால், திரும்ப ஒரு செட் வாங்க வேண்டியதாயிற்று.