அவங்க குரலை முதல்ல பத்திரப்படுத்துங்க

சின்ன வயசுலயே ஒருத்தர் இறந்து போயிட்டா வீட்டுல யாருக்கும் கையும் ஓடாது காலும் ஓடாது, ஆனா அவங்க போன் நம்பரை மட்டும் அவசரப்பட்டு கட் பண்ணிடாதீங்க, கொஞ்ச நாள் ரீசார்ஜ் பண்ணி வச்சிருங்க. 120 நாள் யூஸ் பண்ணாம கிடந்தா வாட்ஸ்அப் அக்கவுண்ட் பொதுவா அழிஞ்சிடும், கூகுள் அக்கவுண்ட்டை 2 வருஷம் யாரும் தொடலன்னா போட்டோ, மெயில் எல்லாத்தோடயும் போயிடலாம்.

உங்க போனுக்கு அவங்க அனுப்புன வாய்ஸ் மெசேஜை எல்லாம் வேற ரெண்டு இடத்துல காப்பி எடுத்து, தேதி போட்டு வைங்க. என் தம்பி "அக்கா, சாப்டியா?"ன்னு கேட்டது 4 செகண்ட் தான், பின்னாடி ஃபேன் சத்தம் கூட கேக்கும், ரொம்ப நாள் அதை என்னால கேக்கவே முடியல, ஆனா இருக்குங்கறதே பெரிய ஆறுதலா இருந்துச்சு. உடனே கேக்கணும்னு இல்லங்க, மனசு தாங்கும்போது கேட்டுக்கலாம்.